அடுத்தவன் பாட்டு

“ஏன் ஸார், இந்தப் பையன்களுக்குச் சொந்தமாக ஒரு பாட்டுக் கூடக் கிடையாதா? எல்லாம் காப்பிதானே!” என்று கேட்கிற ரசிக சிகாமணிகள் எங்கள் பேட்டையில் பெருகிவிட்டார்கள். அவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைப் பகிரங்கமாகவே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஆடி பிறந்தால் பாடியிலிருந்து ஆவடி வரைக்கும், அந்தப் பக்கம் பூந்தமல்லி வரைக்கும், கூழ் ஊற்றாத அம்மன் கோயில் கிடையாது. பகலில் கூழ், சாயங்காலம் அம்மன் புறப்பாடு, ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. தெருவை அடைத்துப் போட்ட மேடையில் எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். கீபோர்டு ஒருவர், கிட்டார் ஒருவர், தபேலா ஒருவர், பேட் தட்டுகிறவர் ஒருவர், பாடுகிறவர்கள் மூன்று நாலு பேர். முக்கால்வாசிப் பேர் பகலில் வேறு ஜோலி பார்க்கிறவர்கள். எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர் உண்டு. ஆட்டோ ஓட்டுகிறவர் உண்டு. பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியாரும் உண்டு. ஷிப்டை யாரிடமோ கெஞ்சி மாற்றிக்கொண்டு, கிட்டாரை உறையோடு முதுகில் மாட்டிக்கொண்டு, அரக்கோணம் லோக்கலில் தொங்கிக்கொண்டு வந்து சேருவார்கள். விசுவநாதன் - ராமமூர்த்தி, மகாதேவன், இளையராஜா, தேவா, ரஹ்மான் என்று நடுநிசி வரைக்கும் வரிசையாகப் பாடுவார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அறிவிப்பாளர் படத்தின் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் பாடியவர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் விலகுவார். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

மாடி வீட்டு பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டு இவ்வளவையும் காசு கொடுக்காமல் கேட்டு முடித்த கனவான்தான், மறுநாள் காலையில் பால் வாங்கப் போகிற இடத்தில் மேற்படி கேள்வியைக் கேட்கிறார். கேட்டுவிட்டு, தாமே அதற்குப் பதிலும் சொல்லிக்கொள்கிறார்: “கற்பனை இல்லை ஸார், கற்பனை இல்லை!”

இதே கனவான் மார்கழியில் காரை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்குப் போகிறார். அங்கே மேடையில் இருக்கிற வித்துவான் பாடுவது யாருடைய பாட்டு? 1847-ல் திருவையாற்றில் சமாதியான தியாகையருடைய பாட்டு. நேற்றுப் பாடினார், இன்று பாடினார், நாற்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறார். அதற்காகப் பட்டம் கொடுக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். “ஏன் ஸார், சொந்தமாக ஒன்றும் கிடையாதா?” என்று சபா வாசலில் நின்று கேட்க இந்தக் கனவானுக்குத் தைரியம் உண்டா? கேட்டால் அவரைக் கான்டீனில் கூடச் சேர்க்க மாட்டார்கள்.

“வித்துவான் ஆலாபனை செய்கிறார், நிரவல் செய்கிறார், கல்பனாஸ்வரம் பாடுகிறார், மனோதர்மம் என்று ஒன்று இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பையன் செய்வது என்ன என்று என்றைக்காவது கிட்டத்தில் போய்ப் பார்த்ததுண்டா? ஸ்டூடியோவில் முப்பது நாற்பது வயலின் வைத்துப் பதிவு செய்த பாட்டை இவன் பத்து விரலில் வாசித்தாக வேண்டும். எழுதிவைத்த ஸ்வரக் குறிப்பு கிடையாது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரே பாட்டை நூறு தடவை கேட்டு, புல்லாங்குழல் எங்கே நிற்கிறது, வயலின் எங்கே நுழைகிறது, அடியில் பேஸ் கிட்டார் தனக்கென்று என்ன பேசிக்கொண்டு போகிறது என்று இழை இழையாகப் பிரித்து எடுக்கிறான். எதை விட்டால் பாட்டு செத்துப்போகும், எதை விட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்று தீர்மானிக்கிறான். மேடை ஏறிய பிறகு பாடகி தொண்டை கட்டிப்போய், “ஒரு கட்டை குறைச்சுக்கோப்பா” என்பாள். அந்த நிமிஷமே அத்தனையும் வேறு சுருதிக்கு மாற வேண்டும். பொத்தானை அமுக்கினால் தானே மாறிவிடும் என்பீர்கள். கீபோர்டு மாறும், பக்கத்தில் இருக்கிற கிட்டார்க்காரனின் விரல்களுக்குப் பொத்தான் எங்கே இருக்கிறது? சங்கீதத்தில் இதற்கு மேல் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று எனக்குச் சொல்லுங்கள்.

சரி, மும்மூர்த்திகள் வரைக்கும் வந்துவிட்டோம். இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கலாம். முத்துசுவாமி தீட்சிதர் இளைஞராக இருந்த காலத்தில் அவர் குடும்பம் வடசென்னையில் மணலியில் இருந்தது. மணலி ஜமீன்தாராக இருந்த முதலியார் அழைத்து வைத்துக்கொண்டிருந்தார். முதலியார் வீட்டாருக்குக் கம்பெனிக்காரர்களோடு பழக்கம். கோட்டையில் வெள்ளைக்காரன் பாண்டு வாசிக்கிறதைக் கேட்கத் தீட்சிதர் சகோதரர்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள். கேட்டதோடு விட்டாரா தீட்சிதர்? அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். ‘நோட்டுஸ்வரம்’ என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அவைதான். இங்கிலாந்து ராஜாவுக்குத் தீர்க்காயுள் கோருகிற ‘காட் சேவ் தி கிங்’ மெட்டிலும் ஒன்று இருக்கிறது. தம்பி பாலுசுவாமி அங்கேயே பிடிலைக் கற்றுக்கொண்டு, அதை நம் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கமலாம்பா நவாவரணம் செய்த மகான் பாண்டுக்காரன் மெட்டைக் கையில் எடுத்தபோது தீட்டுப் பார்க்கவில்லை. அம்பத்தூர் பால்கனியில் நாம் பார்க்கிறோம்.

எதிர்வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். இன்ஜினீயரிங் படிக்கிறான், நல்ல பிள்ளை. அவனுக்குத் தியாகையரும் வேண்டாம், இளையராஜாவும் வேண்டாம். பீட்டில்ஸ் படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு, “அங்கிள், அவங்கெல்லாம் சொந்தமா எழுதினாங்க; அதான் உலகமே கேட்டுச்சு. நம்ம ஆர்கெஸ்ட்ராக்காரங்க ஏன் அப்படிப் பண்ணலே?” என்கிறான். கனவானின் அதே கேள்விதான், பனியன்தான் வேறே. இவனுக்கு மயிலாப்பூரை வைத்துப் பதில் சொல்ல முடியாது. அவன் கும்பிடுகிற சாமியை வைத்தே சொல்லுகிறேன்.

1963-ல் வெளிவந்த பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டில் பதினாலு பாட்டு. அதில் ஆறு பிறருடையவை. அதே வருஷம் இரண்டாவது தட்டு. அதிலும் பதினாலுக்கு ஆறு. 1964-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் முதல் தட்டு போட்டார்கள். பன்னிரண்டு பாட்டில் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் சேர்ந்து எழுதியது ஒன்றே ஒன்று. மற்றவற்றில் பெரும்பாலானவை யாருடைய பாட்டுக்கள்? அமெரிக்கக் கறுப்பு மக்களின் பாட்டுக்கள். அவற்றில் ஒரு வகைக்கு ‘ஸோல்’ என்று பெயர். ஸோல் என்றால் ஆத்மா. மாதாகோயிலில் கதறிப் பாடிய பாட்டை எடுத்து, கடவுள் இருந்த இடத்தில் காதலியை வைத்தார்கள் ரே சார்லஸும் ஸாம் குக்கும் அவர்களைப் போன்றவர்களும். (காதலனின் இடத்தில் கடவுளை வைத்த நம் ஆழ்வார்கள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.)

இதிலே நம் பேட்டைக்காரர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பாட்டுக்கள் பலவும் பிறந்தது டெட்ராய்ட்டில். மோட்டார் கார் செய்கிற ஊர். சென்னைக்கு ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று பட்டம் கட்டிப் பெருமைப்படுகிறோமே, அந்த டெட்ராய்ட். அங்கே கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கார்டி என்பவர், குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959-ல் பாட்டுக் கம்பெனி தொடங்கினார். பிறகு அதற்கு மோட்டார் டவுன் என்பதைச் சுருக்கி மோட்டவுன் என்று பெயர். டெட்ராய்ட்டுக்கு மேற்கே இங்க்ஸ்டர் என்று ஒரு புறநகர். நம் அம்பத்தூர் ஆவடி மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து மார்வலெட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, தபால்காரரை நிறுத்திக் கடிதம் கேட்கிற ஒரு பாட்டை 1961-ல் பாடினார்கள். ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’. அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் முதலிடத்துக்குப் போன முதல் மோட்டவுன் பாட்டு அதுதான். அதைத்தான் லிவர்பூல் துறைமுகத்துப் பையன்கள் தங்கள் இரண்டாவது தட்டில் பாடினார்கள்.

சும்மா பாடிவிட்டார்களா? அதற்கு முன் 1960-லிருந்து 1962 வரை ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துச் சாராயக் கடைகளில் ராத்திரிக்கு ராத்திரி மணிக்கணக்காக அடுத்தவன் பாட்டைப் பாடியவர்கள் அவர்கள். குடிகாரன் எழுந்து போகாமல் இருக்கவேண்டும், முதலாளி கத்துவான், தொண்டை போகும். நம் ஆடி மாதத்து மேடைக்கு அண்ணன் அது. அந்தப் பயிற்சியினால்தான் 1963 பிப்ரவரி 11-ஆம் தேதி, ஒரே நாளில், பத்துப் பாட்டுக்களை அவர்களால் பதிவு செய்ய முடிந்தது. கடைசியாகப் பாடியது ‘ட்விஸ்ட் அண்ட் ஷௌட்’. அதற்கு முந்திய வருஷம் ஐஸ்லி சகோதரர்கள் என்ற கறுப்புச் சகோதரர்கள் பாடிப் பிரபலமாக்கிய பாட்டு. ஜலதோஷத்தில் கிழிந்துபோன தொண்டையோடு லெனன் அதைப் பாட, முதல் தடவை பாடியதையே தட்டில் போட்டார்கள். அடுத்த ஆண்டு, 1964 ஜூலையில், மூன்றாவது தட்டு வந்தபோது பதின்மூன்று பாட்டும் சொந்தப் பாட்டு. எதிர்வீட்டுப் பையன் பார்த்தது அந்த மூன்றாவது தட்டுக்குப் பிறகு வந்த பீட்டில்ஸை. ஹாம்பர்க்கை அவன் பனியனில் அச்சடிக்கவில்லை.

இந்த இடத்தில் என்னை மடக்கலாம், மடக்க வேண்டியதுதான். ஆர்தர் அலெக்ஸாண்டர் என்று ஒரு கறுப்புப் பாடகர், அலபாமாக்காரர். அவர் எழுதிய ஒரு பாட்டை பீட்டில்ஸ் பாடினார்கள். அவர் பதிவு செய்த இன்னொன்றை ரோலிங் ஸ்டோன்ஸ் பாடினார்கள். தட்டுக்கள் உலகம் பூராவும் விற்றன. அலெக்ஸாண்டர் பிற்காலத்தில் கிளீவ்லண்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். 1993-ல் காலமானார். வெள்ளைக்காரப் பையன் பாடினால் கோடி, கறுப்பன் பாடினால் பஸ் ஸ்டியரிங் என்றால் அது அக்கிரமம்தானே? அக்கிரமம்தான். ஆனால் அக்கிரமம் எங்கே இருந்தது? கறுப்பன் தட்டைப் போட மறுத்த ரேடியோவில் இருந்தது. கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. நிறத்தைப் பார்த்துக் கதவைத் திறந்த தேசத்தில் இருந்தது. பாடியவன் தொண்டையில் இல்லை. தட்டின் மேல் எழுதியவர் பெயரை அச்சடித்துத்தான் பாடினார்கள். மோட்டவுன் பாடகி மேரி வெல்ஸை 1964-ல் தங்களோடு இங்கிலாந்து முழுதும் மேடைக்கு மேடை அழைத்துக்கொண்டு போனார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1969-ல் லெட் ஸெப்பலின் என்ற குழு ‘ஹோல் லாட்டா லவ்’ என்று ஒரு பாட்டு வெளியிட்டது, தங்கள் சொந்தப் பெயரில். வில்லி டிக்ஸன் என்ற கறுப்புக் கவிஞர் எழுதி, மட்டி வாட்டர்ஸ் பாடிய பாட்டின் வரிகள் அதில் இருப்பதாக 1985-ல் டிக்ஸன் வழக்குப் போட்டார். 1987-ல் சமரசமாயிற்று. பின்னால் வந்த பதிப்புக்களில் டிக்ஸன் பெயரும் சேர்ந்தது. இப்போது சொல்லுங்கள்: இன்னாருடைய பாட்டு என்று சொல்லிவிட்டுப் பாடியவன் திருடனா? சொந்தப் பாட்டு என்று சொல்லிப் போட்டுவிட்டு, இருபது வருஷம் கழித்துப் பெயர் சேர்த்தவன் கற்பனாசக்தி உடையவனா? ‘சொந்தம், சொந்தம்’ என்று நாம் போடுகிற கூச்சல் யாருக்கு உதவி செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெயரைச் சொல்லுகிறவனுக்கு நாம் வைக்கிற பெயர் காப்பி. பெயரை மறைக்கிறவனுக்கு மேதை. எங்கள் தெரு அறிவிப்பாளர், பாவம், ஒலிபெருக்கியில் நாலு தெருவுக்குக் கேட்கும்படி பெயரைச் சொல்லிவிட்டு வசவு வாங்குகிறார்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராசன் என்று ஒருவர் இருந்தார். கம்யூனிஸ்டு மேடைப் பாடகர். ஜனங்களுக்குப் பழகிய சினிமா மெட்டில் கட்சிக் கருத்தை வைத்துப் பாடுவார். பதினாலு வயசில் அந்தக் குழுவில் போய்ச் சேர்ந்தவர் அவருடைய தம்பி ராசையா. ஊர் ஊராக, திடல் திடலாக, அடுத்தவர் மெட்டுக்கு ஆர்மோனியம் வாசித்தார். 1964-ல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு மெட்டமைத்ததுதான் அவருடைய முதல் முயற்சி என்பார்கள். 1968 வாக்கில் சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியமும் கிட்டாரும் வாசித்தார். சகோதரர்கள் பாஸ்கரும் அமரனும் கூட. அங்கேயும் அடுத்தவர் பாட்டுத்தான். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர். 1976-ல் ‘அன்னக்கிளி’. பாவலர் மேடையின் ஓரத்தில் நின்று யாராவது, “தம்பி, சொந்தமாக ஒன்றும் இல்லையா?” என்று கேட்டு அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், நாம் எதை முணுமுணுத்துக்கொண்டு வயசாகியிருப்போம்? ரஹ்மானும் அப்படித்தான்: ‘ரோஜா’வுக்கு முன்னால் பிறருடைய குழுக்களில், பிறருடைய இசைக்குக் கீபோர்டு வாசித்த வருஷங்கள் அநேகம்.

2017 மார்ச்சில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்த பாலசுப்பிரமணியத்துக்கும் சித்ராவுக்கும், அனுமதி பெறாமல் தம் பாட்டுக்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போயிற்று. ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சட்டப்படி இளையராஜா கேட்டது நியாயம் என்றுதான் நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்லுகிறேன். டிக்கெட் போட்டு அரங்கம் நிரப்புகிறவன் பாட்டை ஆக்கியவனுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் காசு அமைப்பாளன் பையிலிருந்து வரவேண்டும். ஆனால் ஒரு காலத்தில் அதே பாலசுப்பிரமணியத்தின் மேடையில் உட்கார்ந்து ஊரார் பாட்டை வாசித்தவர் அவர் என்பதை நினைக்கும்போது அந்த நோட்டீஸ் காகிதம் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. இருவரும் பிறகு 2019-ல் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பாலு போய்விட்டார்.

அந்தச் சண்டையை வைத்துக்கொண்டு எங்கள் பேட்டைக் கனவான், “பார்த்தீர்களா, பாடுகிறதே குற்றம்!” என்று ஆர்கெஸ்ட்ராப் பையன்களிடம் சட்டம் பேசினார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் மத விழாவுக்கும், கல்யாண ஊர்வலம் உள்ளிட்ட கல்யாணக் கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளித்திருக்கிறது. சட்டம் எழுதினவர்களுக்குக் கூட மாரியம்மன் கோயில் மேடை எது, டிக்கெட் விற்கிற அரங்கம் எது என்று வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

இப்போது பேட்டையில் வேறொரு வியாதி பரவியிருக்கிறது. ஒரு பாடகர் போதும். கையில் ஒரு லாப்டாப். அதில் வாத்தியம் அத்தனையும் முன்கூட்டியே பதிவாகி இருக்கும். ‘டிராக்’ என்கிறார்கள். சுருதி பிசகாது, தாளம் பிசகாது, எட்டுப் பேருக்குப் பிரியாணி வாங்க வேண்டியதில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலை மண்டபங்களில் இதுதான் கௌரவம் என்று ஆகிவிட்டது. “எக்ஸாக்டா ரிக்கார்டு மாதிரியே இருக்கு ஸார்!” என்று கனவானுக்கு ஆனந்தம். காப்பி என்று திட்டினாரே, அவருக்கு இப்போது வேண்டியது அசல் காப்பிதான்! மனிதன் பத்து விரலால் திணறித் திணறி வாசித்தபோது வராத திருப்தி, மெஷின் பிசகில்லாமல் வாந்தி எடுக்கிறபோது வந்துவிட்டது. பேஸ் கிட்டார் எங்கே நுழைகிறது என்று நூறு தடவை கேட்டுப் பிரிக்க இனி எந்தப் பையனுக்கு அவசியம் இருக்கப்போகிறது?

சென்ற ஆடியில் கொரட்டூர்ப் பக்கம் ஒரு கோயில் கச்சேரிக்குப் போயிருந்தேன். பாடகி வந்து சேரத் தாமதம். சும்மா இருக்கவேண்டாமென்று கீபோர்டுப் பையன் எதையோ வாசிக்க ஆரம்பித்தான். கிட்டார் சேர்ந்துகொண்டது, அப்புறம் தபேலா. ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். ராஜாவின் சாயல் இருந்தது, விசுவநாதனிடமிருந்து வந்த ஒரு திருப்பம் இருந்தது, இரண்டுமில்லாத ஏதோ ஒன்றும் இருந்தது. அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கத்துப் பெரியவர், “இது எந்தப் படம்?” என்று கேட்டார். கச்சேரி முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவனிடம் நானே போய்க் கேட்டேன்.

“படமெல்லாம் இல்லே ஸார். சும்மா... நம்மளுதுதான்” என்றான், ஏதோ தப்புச் செய்தவன் போல.

“இந்த ஆடிக்கு எத்தனை மேடை தம்பி?”

“போன வருஷம் பதினொண்ணு ஸார். இந்த வருஷம் நாலு.”

“மிச்சம் ஏழு?”

“டிராக்குக்குப் போயிருச்சு ஸார்” என்று சொல்லிவிட்டு, கீபோர்டை உறைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தான்.